கணக்குக் கேட்கும் உரிமை: பரீட்சைப் புள்ளிகளும் பெற்றோரும்

'பொறுப்புக்கூறல்' என்பது அரசியல் மேடைகளிலிருந்தும் ஜெனீவாச் செய்திகளிலிருந்தும் நமது காதுக்கு வந்து சேர்ந்த சொல். அதனால் அது பெரிய இடத்துச் சொல்லாகவே நமக்குப் பழகிப்போய்விட்டது. பிள்ளை படிக்கும் பாடசாலையிடம் கேட்கத்தக்க ஒரு கேள்வியாக அதனை நாம் நினைத்துப் பார்ப்பது குறைவு. அதேபோல, 'தரப்படுத்தல்' என்றதும் எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதியும் அது கிளறிவிட்ட மனக்கசப்புகளுமே நினைவுக்கு வருகின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான வினாத்தாள், ஒரே நேரம், ஒரே புள்ளித்திட்டம் என்று நடத்தப்படும் பரீட்சைக்கும் மேல்நாட்டார் இதே பொருள்படும் சொல்லையே வழங்குகின்றனர். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் அதனை 'நியமப் பரீட்சை' என்று குறிப்பிடுகிறேன்.

எனது நானாவின் மகள் ஐக்கிய அமெரிக்காவில் குடியிருக்கிறாள். சில வருடங்களுக்கு முன்னர், அவளுடைய மகன் நான்காந் தரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, பாடசாலையிலிருந்து வந்த அறிக்கையொன்றைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினாள். சதவீதங்களும் அம்புக்குறிகளும் வர்ணக் கட்டங்களும் நிறைந்த நான்கு பக்கங்கள். "சாச்சா, இதுல புள்ள பாஸா பெயிலா எண்டு எங்க போட்டிருக்கு?" என்பது அவளுடைய கேள்வி. அந்த நான்கு பக்கங்களிலும் அதற்கு விடை இல்லை, இருக்கவும் முடியாது. பரீட்சை எழுதியவர்கள் பிள்ளைகள். ஆனால் அந்த அறிக்கையில் பரீட்சிக்கப்பட்டிருந்தது பாடசாலை. முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இந்த வித்தியாசத்தை அவளுக்கு விளக்க முற்பட்டபோதுதான், இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடங்களுக்கும் மேற்பட்ட வரலாறொன்று இருப்பதும், அதன் ஒரு நுனி இலங்கையையும் தொட்டுச் சென்றிருப்பதும் எனக்குத் துலங்கியது.

அந்த வரலாற்றை வாசிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. பாடசாலை கணக்குக் காட்டத்தான் வேண்டும். யாருக்கு? பணத்தைக் கொடுத்த அரசுக்கா, பிள்ளையைக் கொடுத்த பெற்றோருக்கா?

லோவின் மானியக் கணக்கு

பாடசாலையின் பணத்தைப் பிள்ளையின் பரீட்சையோடு முடிச்சுப்போட்டவர் றொபேர்ட் லோ என்ற ஆங்கிலேய அரசியல்வாதி. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்விக்கு அரசு வழங்கிவந்த மானியம் ஏறிக்கொண்டே போயிற்று. நியூகாசில் ஆணைக்குழு 1861இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. அடுத்த வருடம் லோ 'திருத்திய கோவை' எனப்படும் விதிகளைக் கொண்டுவந்தார். சராசரி வரவுக்கென ஒரு பிள்ளைக்கு 4 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பரிசோதகரின் முன்னிலையில் சித்தியடைந்தால் இன்னும் 8 சிலிங். மூன்றில் ஒன்றில் தவறினாலும் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டப்படும். கல்வி மலிவாக இருக்கும், இல்லையேல் பயனுள்ளதாக இருக்கும் என்பதே பாராளுமன்றத்தில் அவர் சொன்ன வாதத்தின் சாரம். மலிவானதென்னவோ உண்மை. 1861இல் 8 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்த மானியம் 1865இல் ஆறரை இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

பயன் எப்படியிருந்தது என்பதற்குச் சாட்சி சொன்னவர் ஒரு கவிஞர். மத்தியூ ஆர்னல்டை இலக்கிய விமர்சகராக நாம் அறிவோம். அவர் வயிறு வளர்த்தது பாடசாலைப் பரிசோதகராக. 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து வருடங்கள். இந்த முறை போதனையை இயந்திரமாக்குகிறது என்று தமது உத்தியோக அறிக்கைகளிலேயே அவர் கண்டித்தார். பரிசோதகர் எந்த வாசிப்புப் புத்தகத்திலிருந்து கேட்பார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை மனனம் செய்தனர். வேறொரு புத்தகத்தை நீட்டினால் வாசிக்க முடியாத பிள்ளையும் 'வாசிப்பில் சித்தி' என்று பதியப்பட்டது. ஆசிரியரின் சம்பளம் அந்தப் பதிவில் தொங்கிக்கொண்டிருந்தது. 1890களில்தான் இங்கிலாந்து இந்த முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

இலங்கையும் இதற்குத் தப்பவில்லை. 1869இல் இங்கே பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின்னர், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு மானியம் வழங்குவதில் 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்ற இதே ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் அத்தகைய பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மிஷனரிமாரின் பாடசாலைகள். முஸ்லிம் பெற்றோரில் அநேகர் அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர் என்பதும், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பை அந்தத் தயக்கத்தோடு ஓயாது போராடினார் என்பதும், 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானதும் நமது வாசகர்களுக்குப் புதிய செய்திகளல்ல. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. பரிசோதகரின் பதிவேட்டில் சித்தியடைந்த பிள்ளைகளும் தவறிய பிள்ளைகளும் இருந்தனர். பாடசாலைக்கே வராத பிள்ளைக்கு அதில் ஒரு கோடும் இல்லை. பெறுபேறு எவ்வளவு திருப்தியாக இருந்தாலும், அந்த எண் ஒரு சமூகத்தின் பெரும்பகுதி வெளியே நின்றதைச் சொல்லவில்லை. பரீட்சைப் புள்ளியைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, இந்த எண்ணுக்குள் வராதவர் யார் என்பதே.

ஒரு செனட்டரின் சந்தேகம்

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1965 ஏப்ரல் 11ஆம் திகதி, டெக்ஸாஸ் மாநிலத்தில் தாம் சிறுவனாகப் போய்ப் படித்த சின்னஞ்சிறு பாடசாலைக்கு முன்னால், தமது முதல் ஆசிரியையை அருகில் அமர்த்திக்கொண்டு, ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 'ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டம்' என்பது அதன் பெயர். ஜோன்சனும் ஒரு காலத்தில் வாத்தியார். இளமையில் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அச்சட்டத்தின் முதலாம் பாகம், வறிய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுக்கு வருடமொன்றுக்கு ஏறத்தாழ நூறு கோடி டொலரை ஒதுக்கியது.

சட்டமூலம் விசாரணையில் இருந்தபோது செனட்டர் றொபேர்ட் கென்னடி ஓர் ஐயத்தைக் கிளப்பினார். வறிய பிள்ளைகளை இதுவரை கைவிட்டவை இதே பாடசாலைகள்தாம். அவற்றின் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயன் கிடைத்ததென்று எப்படி அறிவது? பெறுபேறுகளை அளந்து வெளியிட்டால் அவற்றைக் கொண்டு பெற்றோர் பாடசாலையைத் தட்டிக்கேட்கலாம் என்பது அவரது எண்ணம். அவரது வற்புறுத்தலால் வருடாந்த மதிப்பீடு சட்டத்தில் இடம்பெற்றது. அமெரிக்க மத்திய அரசின் கல்விச் சட்டத்தில் அளவீடு நுழைந்த வாசல் இதுதான். அதைத் திறந்துவிட்டது பெற்றோரின் பெயரால் எழுந்த ஒரு கேள்வி என்பதை மனதிற்கொள்ள வேண்டும்.

ஐயம் வீண்போகவில்லை. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் அமைப்பொன்றும் மற்றோர் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 1969இல் வெளியிட்ட அறிக்கை, வறிய பிள்ளைகளுக்கென வந்த பணம் பல இடங்களில் பொதுச் செலவுகளுக்குத் திருப்பப்பட்டதை அம்பலப்படுத்தியது. நீச்சல் தடாகம் கட்டவும்கூட அந்தப் பணம் போயிருந்தது. எழுபதுகளில் சட்டம் திருத்தப்பட்டது. 1974இல் பாடசாலை தோறும் பெற்றோர் ஆலோசனைச் சபை இருக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 1978இல் அச்சபைகளின் பணி மேலும் விரிவாக எழுதப்பட்டது. 1981இல் றீகன் ஆட்சியில் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

பெற்றோர் சபைகள் கட்டாயமற்றுப்போன இரண்டு வருடங்களில், 1983 ஏப்ரலில், 'ஆபத்திலுள்ள தேசம்' என்ற புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்தது. ஜப்பானும் ஜேர்மனியும் முந்திவிட்டன, நமது பாடசாலைகளின் மந்தம் தேசத்தையே பலவீனப்படுத்துகிறது என்று அது முழங்கியது. அன்றிலிருந்து பேச்சின் தொனி மாறியது. கென்னடியின் கேள்வி ஏழைப் பிள்ளையின் தாய் தகப்பனின் கையில் ஓர் ஆயுதம் கொடுப்பதற்காக எழுந்தது. 1983க்குப் பின் கேட்பவர் ஆளுநர், தொழிலதிபர், ஜனாதிபதி என்றாகிவிட்டது.

எல்லோரும் சராசரிக்கு மேல்

இந்த இடத்தில் புள்ளி என்றால் என்ன என்பதைச் சற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. நியமப் பரீட்சைகள் பெரும்பாலும் இரு வகை. ஒரு வகை, பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு நிறுத்தி அளக்கும். நூறு பேரில் இவன் எழுபது பேருக்கு மேலே நிற்கிறான் என்பது போல. இன்னொரு வகை, முன்கூட்டியே போடப்பட்ட ஒரு கோட்டோடு அளக்கும். இந்தத் தரத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியவற்றில் இவ்வளவு தெரியும் என்பது போல. முதல் வகையில் எல்லோரும் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அரைவாசிப் பேர் கீழேதான் நிற்பார்கள். இரண்டாவது வகையில் எல்லோருமே கோட்டைத் தாண்டலாம். ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை யாரோ ஒருவர் மேசையிலிருந்து தீர்மானிக்கிறார்.

1987இல் மேற்கு வேர்ஜீனியாவில் ஜோன் கெனல் என்ற வைத்தியர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தம்மிடம் வரும் பிள்ளைகள் படிப்பில் தடுமாறுகின்றனர். ஆனால் தமது மாநிலம் தேசிய சராசரிக்கு மேல் நிற்பதாக அறிவிக்கப்படுகிறது. அவர் மற்ற மாநிலங்களிலும் விசாரித்தார். ஆரம்பத் தரங்களில் ஐம்பது மாநிலங்களும் தேசிய சராசரிக்கு மேலே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன! சராசரியைக் கணித்தது பழைய பிள்ளைக் கூட்டமொன்றை வைத்து; அதே வினாத்தாள் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்து ஆசிரியர்களுக்குப் பழகியும்விட்டது. கல்வித் துறையைச் சேராத ஒரு மனிதர், தாம் கண்ட பிள்ளைகளையும் தமக்குக் காட்டப்பட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாலேயே இது வெளியே வந்தது. அவர் செய்ததை எந்தப் பெற்றோரும் செய்யலாம்.

பின்தங்கலாகாத பிள்ளை

2002 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட 'எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது' என்ற சட்டம், 1965ஆம் வருடச் சட்டத்தின் புதிய வடிவமே. பிரதிநிதிகள் சபையில் 381க்கு 41, செனட்டில் 87க்கு 10 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. றொபேர்ட் கென்னடியின் தம்பி எட்வர்ட் கென்னடி அதன் பிரதான சிற்பிகளில் ஒருவர்.

அதன் இயக்கம் இதுதான். மூன்றாந் தரம் முதல் எட்டாந் தரம் வரை ஒவ்வொரு வருடமும், உயர் தரங்களில் ஒரு தடவையும், வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலப் பரீட்சை நடக்க வேண்டும். 95 சதவீதப் பிள்ளைகளாவது எழுத வேண்டும். 'தேர்ச்சி மட்டம்' எது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொள்ளும். அதை எட்டும் பிள்ளைகளின் சதவீதம் வருடந்தோறும் ஏறி, 2014இல் நூறாக வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடம் இலக்கைத் தவறவிட்ட பாடசாலையின் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை கோரும் உரிமை உண்டு. மூன்றாம் வருடமும் தவறினால் வறிய பிள்ளைகளுக்கு இலவசப் பிரத்தியேக வகுப்பு. அதற்கு மேலும் போனால் ஆளணி மாற்றம், கடைசியில் பாடசாலையையே மறுசீரமைத்தல்.

இச்சட்டத்தில் உள்ள ஓர் ஏற்பாடு பெறுமதியானது என்பது எனது கருத்து. பாடசாலையின் மொத்தச் சராசரி மட்டும் போதாது; வறிய பிள்ளைகள், ஒவ்வோர் இனப்பிரிவினர், விசேட தேவையுடையோர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்போர் என்று பிரித்துப் பிரித்துப் பெறுபேற்றைக் காட்ட வேண்டும். ஏன் இது முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். நூறு பிள்ளைகள் உள்ள பாடசாலை. எண்பது பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 76 பேர் சித்தி. இருபது பேர் வறியவர்கள். அவர்களில் 4 பேர் சித்தி. மொத்தம் 80 சதவீதச் சித்தி என்று பரிசளிப்பு விழாவில் அதிபர் பெருமையோடு வாசிக்கலாம். பிரித்துப் பார்த்தால் ஒரு பிரிவில் 95, மறுபிரிவில் 20. அந்தப் பதினாறு பிள்ளைகளையும் சராசரி விழுங்கிவிட்டது. சிறுபான்மையினராகப் பிறந்த எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கச் சிரமமிராது.

ஆனால் அதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஒரு பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என்பதால், குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தால்தான் தனியாகக் கணக்கிடலாம் என்று மாநிலங்கள் ஓர் எல்லையை வகுத்தன. சில மாநிலங்கள் 30 என்றன, சில 40 என்றன, சில அதற்கும் மேலே போயின. எல்லை உயர உயர வெளியே விழும் பிள்ளைகள் கூடினர். 2006இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 19 இலட்சம் பிள்ளைகளின் புள்ளிகள் அவர்களது இனப்பிரிவின் கணக்கில் இவ்வாறு சேராமல் விடப்பட்டிருந்தமை தெரியவந்தது. பின்தங்கலாகாது என்று பெயர் வைத்த சட்டத்தின் கணக்கிலேயே பின்தங்கியவர் மறைந்துபோனார்.

அழிப்பான்களின் சாட்சி

புள்ளிக்கு விலை ஏற ஏற அது கெட்டுப்போகும் என்பதை டொனால்ட் கெம்பல் என்ற சமூக விஞ்ஞானி எழுபதுகளிலேயே எழுதியிருந்தார். அதற்கு மிகக் கசப்பான உதாரணமாக அமைந்தது அட்லாண்டா நகரம். அங்கு 2009ஆம் வருடப் பரீட்சையின் விடைத்தாள்களில், பிழையான விடையை அழித்துச் சரியான விடையை நிரப்பிய தடயங்கள் நம்பமுடியாத அளவில் காணப்பட்டன. மாநில ஆளுநர் நியமித்த விசாரணையாளர்கள் 2011இல் அறிக்கை சமர்ப்பித்தனர். ஆராயப்பட்ட 56 பாடசாலைகளில் 44இல் மோசடி நடந்திருந்தது. 178 ஆசிரியர்களும் அதிபர்களும் அதில் சம்பந்தப்பட்டிருந்ததாக அறிக்கை கூறியது. பயமுறுத்தலும் பழிவாங்கலும் நிலவிய சூழலையும் அது விவரித்தது. 2015 ஏப்ரலில் பதினொரு பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

ஆசிரியர் விலங்கிடப்பட்ட படங்கள் உலகெங்கும் பிரசுரமாயின. அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வறிய கறுப்பினப் பிள்ளைகள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு 'தேர்ச்சி' என்று கடிதம் வருகிறது. தாய் சந்தோஷப்படுகிறாள். தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு மேலதிக உதவி கிடையாது. அழிப்பானால் அழிக்கப்பட்டது, அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று சொல்லக்கூடிய ஒரேயொரு சாட்சி.

மோசடி செய்யாத இடங்களிலும் விளைவுகள் இருந்தன. வாசிப்புக்கும் கணிதத்துக்கும் நேரம் கூட்டப்பட்டது. வரலாறும் சித்திரமும் சங்கீதமும் சுருங்கின. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைமீது கவனம் குவிந்து, மிகக் கீழே கிடக்கும் பிள்ளை கைவிடப்படும் ஆபத்து எழுந்தது. அந்தப் பிள்ளையை எவ்வளவு தூக்கினாலும் சதவீதம் உயராதல்லவா? 2014இல் நூறு சதவீதம் என்ற இலக்கும் எட்டாக்கனியாயிற்று. 2011 அளவில் நாட்டின் ஏறக்குறைய அரைவாசிப் பாடசாலைகள் இலக்கைத் தவறவிட்டிருந்தன. இச்சட்டத்தை முதலில் ஆதரித்த கல்வி வரலாற்றாசிரியை டயான் ரவிச், 2010இல் எழுதிய நூலில் அதனை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

தாய்க்கு விளங்கும் மொழியில்

2015 டிசம்பர் 10ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட 'ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறல்' சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வருடாந்தப் பரீட்சையும் பிரித்துக் காட்டும் ஏற்பாடும் அப்படியே நின்றன. பின்தங்கிய பாடசாலையை என்ன செய்வது என்ற அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் போயிற்று. எனது மகளுக்கொப்பானவளின் கையிலிருந்த அறிக்கை இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான்.

அவளிடம் நான் முக்கியமாக எடுத்துச் சொன்னவை இச்சட்டம் பெற்றோருக்குக் கொடுக்கும் உரிமைகள். பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் தகைமையை எழுத்தில் கேட்கலாம். உரிய தகைமையற்ற ஒருவர் தொடர்ந்து நான்கு வாரம் கற்பித்தால், கேளாமலே பாடசாலை அறிவிக்க வேண்டும். எந்தப் பரீட்சை, எதற்காக, பிள்ளை அதில் பங்குபற்றுவது பற்றிய கொள்கை என்ன என்று கேட்கலாம். ஒரு பிள்ளைக்குப் பாடசாலை எவ்வளவு பணம் செலவிடுகிறது என்பதும் அறிக்கையில் வெளியிடப்பட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை கணக்கு கீழே இருப்பவரிடம் மட்டும் கேட்கப்பட்டது. பணத்தின் கணக்கு வெளிவரும்போது கேள்வி மேலே போகிறது.

இன்னோர் ஏற்பாடும் உண்டு. பெற்றோருக்கு அனுப்பும் தகவல் இயன்றவரை அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,800 பேர் எந்த மேலதிக உதவியுமின்றி ஆங்கில வகுப்பறைகளில் அமர்த்தப்பட்டிருந்தனர். 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' என்ற அந்த வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று 1974இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தமிழ்மொழி மூலம் படித்து, அலுவலகப் படிவங்களைத் தன் மொழியில் கேட்டு வாதாடிப் பழகிய நமக்கு அத்தீர்ப்பின் அருமை தெரியும்.

பெற்றோர் எல்லோரும் உரிமையை ஒரே விதமாகப் பயன்படுத்தினார்கள் என்றில்லை. 2015இல் நியூயோர்க் மாநிலத்தில் பரீட்சைக்குரிய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினரைப் பெற்றோர் பரீட்சை எழுத விடவில்லை. பிள்ளையைப் புள்ளியாக்காதே என்ற அவர்களது கோபத்தில் நியாயம் உண்டு. அதே வேளை சிவில் உரிமை அமைப்புகள் பல இதனை எதிர்த்தன. வருடாந்தப் பரீட்சை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருப்பதை யார் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவர்களது கேள்வி. என்னைக் கேட்டால் நான் இந்த இரண்டாம் பக்கத்தில் நிற்பேன். 2025இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் ஊழியர்கள் பெருந்தொகையாகக் குறைக்கப்பட்டனர். அதன் புள்ளிவிபரப் பிரிவில் எஞ்சியோர் ஒரு சிலரே. அவ்வருட மார்ச் மாதம் திணைக்களத்தையே மூட நடவடிக்கை எடுக்குமாறு ஜனாதிபதி ட்ரம்ப் கட்டளையிட்டார். சட்டத்தை நீக்காமலே எண்ணுபவரை நீக்கிவிடலாம் என்பதற்கு அது சாட்சி. எண்ணிக்கையின் தவறுகளை எதிர்த்துப் போராடலாம். எண்ணவே மாட்டோம் என்பவரிடம் எதைக் காட்டிப் போராடுவது?

நாம் கேட்க வேண்டியவை

நமது நாட்டுப் பெற்றோருக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். அங்கே ஒன்பது வயதுப் பிள்ளை எழுதும் மாநிலப் பரீட்சைக்குப் பதில் சொல்ல வேண்டியது பாடசாலை என்பதே மத்திய சட்டத்தின் நோக்கம். இங்கே பத்து வயதுப் பிள்ளை எழுதும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பதில் சொல்வது பிள்ளை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையிடம் வீடும் ஊரும் காரணம் கேட்கிறது. ஐந்து வருடம் கற்பித்த பாடசாலையிடம் யாரும் கேட்பதில்லை. சித்தியடைந்த சிலரின் படங்கள் பதாகையில் தொங்கும். எத்தனை பேர் எழுதினர், மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்பது பதாகையில் வராது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கூரைத் தகடும் மதிலும் மலசலகூடமும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அவையும் வேண்டியவையே. அவற்றோடு நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். இந்தப் புள்ளி எதை அளந்தது? இதில் சேராத பிள்ளைகள் யார்? சராசரியைப் பிரித்தால் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை எங்கெங்கே நிற்கிறார்கள்? பின்தங்கியவர்களுக்கு அடுத்த தவணையில் பாடசாலை என்ன செய்யப் போகிறது, அதற்கு மேலிடத்திலிருந்து என்ன வர வேண்டும்? ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இவற்றைக் கேட்கக் கூடாது. பயந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு 1862உம் 2009உம் சாட்சி. கணித ஆசிரியர் இரண்டு வருடமாக இல்லாத பாடசாலையின் கணிதப் பெறுபேற்றுக்கு அதிபரைக் கேட்டுப் பயனில்லை. அந்தக் கேள்வி வலயக் கல்விப் பணிமனைக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியது. அதைச் சுமந்துகொண்டு போகக்கூடியவர்கள் பெற்றோர்தான்.

சட்டம் அங்கே பெற்றோருக்குக் கொடுத்த உரிமைகளும் பெரும்பாலும் கடிதத்தோடு கடிதமாகக் குப்பைக் கூடைக்குப் போகின்றன. வாசித்துக் கேள்வி கேட்கும் பெற்றோர் இருக்கும் இடத்தில் மட்டும் அவை உயிர்பெறுகின்றன. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் தவணைப் புள்ளியறிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன், அதில் எழுதப்படாமல் இருப்பது என்ன என்று வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.